எருமைக்கு வைத்த பரீட்சை

ஜூலை 2, ஞாயிறு

இன்று ஒத்திகையில் சண்டை. ஆரம்பித்தது நானில்லை. முடித்தது நான்.

விஷயம் வேன். எங்கள் பஞ்சவர்ணா மெல்லிசைக் குழுவின் பெரிய வேனை விற்றுவிட்டு விருத்தாசலம் அண்ணன் சின்னதாக ஒன்று வாங்கியிருக்கிறார். அவர்தான் குழுவுக்குத் தலைவர், முதல் பாடகர். உறையூரில் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறார், அந்தக் கடை மாடியில்தான் எங்கள் ஒத்திகை நடக்கும். புது வேனில் ஆட்கள் ஏறினால் சாமான் ஏறாது, சாமான் ஏறினால் ஆட்கள் ஏற முடியாது. ஆகவே ஆடி சீசன் தொடங்குவதற்குள் சாமானைக் குறைக்க வேண்டும் என்று பேச்சை எடுத்தார். எடுத்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் குறைக்கச் சொன்னது என் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை. வால்வு செட். பொன்மலையில் ஒரு ரயில்வே கார்டு குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனபோது விற்றுவிட்டுப் போனது. அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. முப்பத்திரண்டு கிலோ. குழுவில் அதற்குப் பெயர் எருமை. நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், ஆனால் நான் கூப்பிடுவது செல்லமாக.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க, இதைப் பாருங்க" என்று கீபோர்டு தினகரன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். உள்ளே கம்ப்யூட்டர் மாதிரி ஏதோ இருக்கிறதாம். உலகத்தில் உள்ள வால்வு செட் அத்தனையின் சத்தமும் அதில் அடங்கியிருக்கிறதாம். என் எருமையின் சத்தம்கூட நாற்பத்தோராவது நம்பரில் இருக்கிறதாம். கேட்டுப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது என்றான். அவனுக்கு முப்பது வயது.

அதற்கு மேல் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"என் கண்ணைக் கட்டுங்க. ரெண்டையும் மாத்தி மாத்தி அஞ்சு தடவை வாசிச்சுக் காட்டுங்க. எது எதுன்னு நான் சொல்றேன். அஞ்சுல ஒண்ணு தப்பினாலும் எருமையையும் ஏத்த வேண்டாம், என்னையும் ஏத்த வேண்டாம். அன்னியோட நான் குழுவை விட்டுப் போயிடறேன்."

பாஸ் கிட்டார் ஜமால் பாய் மட்டும் "எதுக்குமா அவ்வளவு பெரிய வார்த்தை" என்றார். அண்ணன் அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று எழுந்துபோய்விட்டார். குழுவில் சவுண்டு பார்க்கிறவர் என் வீட்டுக்காரர் இருதயராஜ். அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே சுற்றி வைத்த ஒயர்தான் அது.

ஜூலை 3, திங்கள்

பள்ளிக்கூட ஆபீசில் இன்று பதினோரு டி.சி. எழுதினேன். அதில் ஒன்றில் பையன் பெயருக்கு நேராக என் பெயரை எழுதிவிட்டேன். தூக்கம் போதவில்லை, வேறொன்றுமில்லை.

சொன்னதை நினைத்து வருத்தப்படவில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பெற்ற பிள்ளையின் இருமலைத் தாய்க்குத் தெரியாதா?

குழுவை விட்டுப் போனால் வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்வேன் என்று மட்டும் ஒரு தடவை நினைத்தேன். மாவு அரைக்கலாம்.

ஜூலை 4, செவ்வாய்

சாயங்காலம் எருமையைப் போட்டுக் கேட்டேன். பரீட்சைக்குப் படிப்பதுபோலத்தான். மகள் சென்னையிலிருந்து போனில், "அம்மா, அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அந்தக் காலத்து ரேடியோப் பெட்டிக்குள் கண்ணாடிக் குழாய்கள் இருக்குமே, அதுதான் வால்வு. சுவிட்சைப் போட்ட உடனே பாடாது. இரண்டு நிமிஷம் பொறுக்க வேண்டும். பின்பக்கம் ஏழு குழாய்களும் மெல்லக் கனிந்து ஆரஞ்சு நிறத்துக்கு வரும். அப்புறம் கம்பியை மெதுவாகத் தொட்டால் மெதுவாகப் பேசும். கொஞ்சம் அழுத்தினால் குரல் தடிக்கும். இன்னும் அழுத்தினால் ஓரத்தில் ஒரு கரகரப்பு வரும், நன்றாகப் பாடுகிறவர் உச்சத்தில் பாடும்போது தொண்டையில் வருமே அதுபோல. அந்தக் கரகரப்பு உண்மையில் ஒரு குறைதான். மின்சாரம் தாங்காமல் திணறுகிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்தக் குறைக்காகத்தான் உலகம் முழுக்க ஆட்கள் இந்தக் கிழட்டுப் பெட்டிகளைத் தேடி அலைகிறார்கள். குறையே இல்லாத பெட்டிகள் வந்து ஐம்பது வருஷம் ஆகியும் அலைகிறார்கள்.

மகள், "சரிம்மா, உப்பு குறைச்சுச் சாப்பிடு" என்றாள்.

ஜூலை 5, புதன்

ஞாயிற்றுக்கிழமை பரீட்சைக்கு எருமையைத் துடைத்துச் சுத்தம் பண்ணி வைக்கச் சொல்லியிருந்தேன். இருதயராஜ் பின்கட்டில் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் கோயிலில் பாடல்குழுப் பயிற்சிக்குப் போய்விட்டு ஏழு மணிக்குத் திரும்பினால் வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். மோர்மிளகாய் வறுத்தாராம், கருகிவிட்டதாம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இந்த மனுஷர் அடுப்பைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. வாணலியையும் அவரே தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார். பாவம், எனக்காகச் சமைத்துப் பார்த்திருக்கிறார்.

ஜூலை 7, வெள்ளி

இன்றும் பாத்திரம் தேய்த்தார். கேட்காமலே மல்லிகைப் பூ வாங்கி வந்தார். பரீட்சையை நினைத்து அவருக்குத்தான் என்னைவிட பயம்.

ஜூலை 8, சனி

எருமையைக் கடைசியாக ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாம் என்று போனால், அது வீட்டில் இல்லை. நேற்றே ஒத்திகை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டாராம், ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைக்காது என்று. எனக்குக் கோபம் வந்தது. அரைக் கிலோ அல்வா வாங்கி வைத்திருந்தார். கோபம் போயிற்று.

ஜூலை 9, ஞாயிறு

ஐந்துக்கு ஐந்து!

முறையாக எழுதுகிறேன். பின்னால் யாரும் பேச இடம் வைக்கக் கூடாது என்று ஏற்பாட்டை நான்தான் சொன்னேன். எருமை ஹாலில் இருந்தால் சத்தம் வரும் திசையை வைத்தே சொல்லிவிடலாம். அதனால் அதைப் பக்கத்துச் சாமான் அறைக்குள் வைத்து, அதற்கு முன்னால் ஒரு மைக் வைத்து, எருமையானாலும் டப்பாவானாலும் ஹாலில் இருக்கும் ஒரே ஸ்பீக்கரில் கேட்கிற மாதிரி செய்ய வேண்டும் என்றேன். அந்த அறை முழுக்க ஷாமியானா துணி மூட்டைகள். கதவைச் சாத்தினால் உள்ளே பட்டாசு வெடித்தாலும் வெளியே கேட்காது. என் கிட்டாரை ஜமால் பாய் வாசிக்க வேண்டும். எது எப்போது என்பதை என் வீட்டுக்காரர் சீட்டு எடுத்து முடிவு செய்து தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். தாளில் இருப்பது வேறு யாருக்கும் தெரியக் கூடாது.

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கற்பகம் தன் துப்பட்டாவால் என் கண்ணைக் கட்டினாள். எங்கள் குழுவில் பெண் குரல் அவள்தான். கட்டிவிட்டு, டீ டம்ளர் எடுக்கச் சாமான் அறைக்குப் போனாள். அண்ணனும் சர்க்கரை எடுக்கப் போனார். தினகரன், எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று போனான். ஏமாற்றுகிறோம் என்று நினைக்கிறான் போலிருக்கிறது, போய் நன்றாகப் பார்த்துவிட்டு வா என்றேன். திரும்பி வந்தவன் ஒன்றும் பேசவில்லை. டிரம்ஸ் மாசிலாமணி துணி மூட்டைமேல் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்துவரப் போனான். ஒரு பரீட்சை நடக்கும்போது இத்தனை பேர் எழுந்து நடமாடினால் எப்படி?

பிறகு ஜமால் பாய் ஒரே இசைத் துண்டை ஐந்து தடவை வாசித்தார். நான் சொன்னது: வால்வு, டப்பா, வால்வு, வால்வு, டப்பா.

சந்தேகமே இல்லை. அதிலும் மூன்றாவது தடவை அவர் கம்பியை இழுத்து நிறுத்தினார் பாருங்கள், அப்போது வந்த ஒரு இனிப்பு! கண்ணாடிக்குள் கனல் இருந்தால்தான் அது வரும். டப்பாவுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. இரண்டாவதும் ஐந்தாவதும் வெறும் தகரம்.

என் வீட்டுக்காரர் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அஞ்சும் சரி" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டினார்கள். தினகரனும் தட்டினான், அது அவன் பெருந்தன்மை. அண்ணன், "அப்ப பேச்சே இல்லம்மா, எருமை வேன்ல வருது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜூலை 10, திங்கள்

பள்ளிக்கூடத்தில் பௌதிக டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். மனிதக் காது அப்படியெல்லாம் பிரித்தறியுமா என்று ஆச்சரியப்பட்டார். எல்லாக் காதும் அல்ல என்றேன்.

தமிழ் டீச்சரிடமும் சொன்னேன். வாட்ச்மேனிடமும்.

ஜூலை 12, புதன்

எருமை இன்னும் வீட்டுக்கு வரவில்லை. கேட்டால், கடையில் வைத்து சின்ன வேலை ஒன்று பார்க்கிறேன் என்கிறார். இருதயராஜுக்குப் பாலக்கரையில் மைக் செட் கடை. என்ன வேலை என்றால், சும்மா துடைப்புத்தான் என்கிறார். போன வாரம் துடைத்தது என்ன ஆயிற்று?

இன்று சட்டை எல்லாவற்றையும் அவரே இஸ்திரி போட்டார்.

ஜூலை 15, சனி

பள்ளி அரை நாள். சாப்பாடு எடுத்துக்கொண்டு நேராக அவர் கடைக்குப் போனேன். அவர் இல்லை, கல்யாண மண்டபம் ஒன்றில் ஸ்பீக்கர் கட்டப் போயிருந்தார். சாவி எனக்குத் தெரிந்த இடத்தில்தான் இருந்தது.

எருமை மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. வால்வுகள் ஏழும் துணியில் சுற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. அதற்கு உள்ளே ஒரு மூலையில் செங்கல் அளவுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்க வேண்டும். வால்விலிருந்து ஸ்பீக்கருக்குச் சத்தம் போவது அதன் வழியாகத்தான், அது இல்லாமல் ஒரு முணுமுணுப்புகூட வராது. அந்த மூலை காலியாக இருந்தது. நான்கு திருகு ஓட்டைகளும் சுற்றிலும் கருகலும்தான் மிச்சம்.

குறட்டுக்கு அடியில் ஒரு சீட்டு. மோட்டார் வைண்டிங் கடைச் சீட்டு. "வால்வு செட் டிரான்ஸ்பார்மர் ஒன்று, எரிந்தது, புதிதாகச் சுற்ற வேண்டும். பெற்றுக்கொண்ட நாள்: ஜூலை 7."

ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை. பரீட்சை நடந்தது ஒன்பதாம் தேதி.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவருக்குக் கொண்டுபோன தயிர் சாதத்தை நானே சாப்பிட்டேன். அவர் வந்ததும் சீட்டை நீட்டினேன். ஓடப் பார்த்தார் என்று எழுத மாட்டேன், ஆனால் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

புதன்கிழமை துடைப்பதற்காக ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றியிருக்கிறார். திருப்பி மாட்ட மறந்துவிட்டு சுவிட்சைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, சத்தம் வரவில்லையே என்று யோசிக்கும்போது போன் வந்திருக்கிறது. வாசலில் நின்று பேசிவிட்டு வருவதற்குள் புகை. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு செட்டைப் போடக் கூடாது, போட்டால் சத்தம் போக வழியில்லாமல் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். ஊரில் பத்துப் பேரை அதற்காகத் திட்டியவர்.

மோர்மிளகாய் அன்று வறுக்கப்படவே இல்லை.

"அப்ப ஞாயித்துக்கிழமை?" என்றேன்.

"அஞ்சும் டப்பாதான் பிலோ" என்றார், என் பெயரைச் சொல்லி.

"நான் அஞ்சும் சரியாச் சொன்னேன்னீங்களே?"

"நீ மூணு தடவை டப்பாவை வால்வுன்னு சொன்ன. ரெண்டு தடவை டப்பாவை டப்பான்னு சொன்ன." பிறகு, எதிரே இருந்த ஸ்பீக்கரிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "ஒண்ணு தப்பினாலும் போயிடுவேன்னு சொன்னியே. நான் வேற என்ன பண்றது?"

ஜூலை 16, ஞாயிறு

உப்புமா. மூன்று வேளையும்.

ஜூலை 17, திங்கள்

மூன்றாவது தடவை வந்த இனிப்பை நினைத்துப் பார்க்கிறேன். எனக்குக் காது இருக்கும் இடத்தில் வெறும் கர்வம்தான் இருந்திருக்கிறது. வாட்ச்மேன் இன்று, "ஆபீஸ் அம்மா காதுக்கு எதுவும் தப்பாதாமே" என்று இன்னொருவரிடம் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் போகாமல் பின்வாசல் வழியாக வந்தேன்.

அவர்மேல் கோபம் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் எரிந்ததற்காக அல்ல, அது யாருக்கும் நடக்கும். என்னைக் கை தட்டல் வாங்க விட்டதற்காக. ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிற்பு ஞாபகத்துக்கு வந்தால் கோபம் முழுசாக நிற்க மாட்டேன் என்கிறது. இரவுக்குச் சப்பாத்தி போட்டேன்.

ஜூலை 19, புதன்

முடிவு பண்ணிவிட்டேன். உண்மையைக் குழுவிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் சொன்ன வார்த்தைப்படி வெளியே வர வேண்டும். ஆடி முதல் வெள்ளி இந்த 21. இவ்வளவு கிட்டத்தில் சொன்னால் அண்ணன் வேறு கிட்டார் ஆளுக்கு எங்கே போவார்? அதனால் அந்தக் கச்சேரி முடியட்டும். இது சாக்கு இல்லை.

ஜூலை 22, சனி

நேற்று லால்குடிப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில். எருமை சர்வீசில் இருக்கிறது, இன்று மட்டும் தினகரனின் டப்பாவில் வாசிக்கிறேன் என்று சொன்னேன். எல்லோரும் என்ன ஏது என்று குடைவார்கள், பதில் தயாராக வைத்திருந்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் சரி சரி என்று வேனில் ஏறிவிட்டார்கள். ஏறிய வேகம் கொஞ்சம் அதிகம்.

கச்சேரி நன்றாகப் போனது. ஜனங்கள் விசில் அடித்தார்கள். நாற்பத்தோராம் நம்பர் சத்தத்தில் யாரும் ஒரு குறையும் காணவில்லை, நானே கண்ணை மூடிக் கேட்டாலும் கண்டிருக்க மாட்டேன். அது நல்ல டப்பா. தினகரனிடம் சொன்னேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இதை நாட்குறிப்புக்கு மட்டும் சொல்கிறேன். மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து, அங்கே படி இல்லாமல் தரை வந்தால் எப்படி இருக்கும், நேற்று இரண்டரை மணி நேரமும் என் கை அப்படி இருந்தது. விழவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் திடுக்கென்றது.

ஜூலை 25, செவ்வாய்

டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது, எருமையும் வீட்டுக்கு வந்துவிட்டது. இருதயராஜ் பின்கட்டிலேயே உட்கார்ந்து பொருத்தினார். ஸ்பீக்கர் ஒயரை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். நான் நான்காவது தடவை இழுத்துப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் காத்திருந்தோம். வால்வுகள் கனிந்தன. கம்பியைத் தொட்டேன். வந்தது.

கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு, துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டச் சொன்னேன். தினகரனிடம் கடன் வாங்கிய டப்பா கையில் இருந்தது. மாடியில் செய்த அதே ஏற்பாடுதான், எருமை மூடிய அறைக்குள், ஒரே ஸ்பீக்கர். இந்தத் தடவை பிளக்கை நானே பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மாதாமேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

முதலில் அவர் வாசித்தார். அவருக்குத் தெரிந்தது மூன்றே மூன்று ஸ்வரக்கட்டு. நான் கேட்டுச் சொன்னேன். ஐந்தில் இரண்டு சரி.

பிறகு கிட்டாரை நான் வாங்கிக்கொண்டேன். அவர் மாற்றி மாற்றிப் போட்டார், நான் வாசித்துவிட்டுச் சொன்னேன். ஐந்துக்கு ஐந்து. இன்னும் ஐந்து போடச் சொன்னேன். அதுவும் ஐந்து.

கேட்டால் எனக்குத் தெரியவில்லை. வாசித்தால் தெரிகிறது. எருமை என் விரல் அழுத்துவதற்குக் கொஞ்சம் இணங்கிக் கொடுக்கிறது, அப்புறம் கொஞ்சம் பிடித்து இழுக்கிறது. நாம் பேசும்போது எதிரே இருப்பவர் "ம்" போட்டுக்கொண்டே கேட்பதுபோல. டப்பா நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். இதை எந்த ஜனமும் எந்த மைதானத்திலும் கேட்டறிய முடியாது. இருபத்திரண்டு வருஷமாக நான் காது காது என்று பீற்றிக்கொண்டது எல்லாம் கையின் வேலை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். இருதயராஜ் அவசரமாக, "இந்தத் தடவை நிஜமாவே அஞ்சும் சரிதான் பிலோ" என்றார்.

ஆனால் சபதம் கையை வைத்து அல்ல. காதை வைத்துத்தான் செய்தேன். தோற்றது தோற்றதுதான்.

ஜூலை 27, வியாழன்

நாளை முசிறிக் கோயில் கச்சேரி. போகும் வழியில் சொல்லிவிடுவேன். பட்டுச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்தேன். கடைசிக் கச்சேரிக்கு நன்றாக உடுத்திக்கொண்டு போகலாம்.

ஜூலை 29, சனி

நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. எருமை நடுவில். மாசிலாமணி அதன்மேல் கால் மடக்கி உட்கார்ந்திருந்தான், கற்பகம் டிரம்ஸ் பெட்டியை மடியில் வைத்திருந்தாள், ஜமால் பாய் பாதி ஜன்னலுக்கு வெளியே இருந்தார். யாரும் முணுமுணுக்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. முசிறிக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால் டீக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் டம்ளரைக் கையில் வாங்கியதும் சொல்லிவிட்டேன்.

வைண்டிங் கடைச் சீட்டிலிருந்து தொடங்கினேன். ஒன்பதாம் தேதி எருமை செத்துக் கிடந்தது, ஐந்தும் டப்பா, அதில் மூன்றை வால்வு என்று அடித்துச் சொன்னேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, என் வீட்டுக்காரர் சொன்னது பொய், பொய்க்குக் காரணம் நான். சொன்ன சொல்படி இன்றோடு நான் விலகிக்கொள்கிறேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். இருதயராஜ் டீக்கடைப் பெஞ்சில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும்மா" என்றார்.

சர்க்கரை எடுக்கச் சாமான் அறைக்குப் போனபோது பார்த்தாராம். எருமையின் பிளக் சுவரில் இல்லை, தரையில் கிடந்ததாம். அதைத் தாண்டித்தான் சர்க்கரை டின்னை எடுத்தாராம். இருதயராஜ் ஏதோ காரணமாகத்தான் செய்திருப்பார், நம் வாயால் அது வெளியே வர வேண்டாம் என்று இருந்துவிட்டாராம்.

"நீங்களும் பார்த்தீங்களாண்ணே?" என்றாள் கற்பகம். "நான் எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சேன்."

டம்ளர் எடுக்கப் போன அவள், பிளக் காலில் தட்டித் தடுமாறியிருக்கிறாள். மாசிலாமணி சட்டை எடுக்கப் போனபோது அதை மிதித்துவிட்டு அடிபட்ட காலோடு வந்து டிரம்ஸ் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். ஜமால் பாய்க்கு அறைக்குள் போகவே தேவைப்படவில்லை. வாசித்த முதல் தடவையே கையில் தெரிந்துவிட்டது, ஐந்து தடவையும் ஒரே டப்பாதான் என்று. "சொல்லி என்ன ஆகப்போவுது, நல்லா வாசிச்சு வைப்போம்னு வாசிச்சேன்மா" என்றார். மூன்றாவது தடவை வந்த இனிப்பு அதுதான் போலிருக்கிறது.

ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று மூன்று வாரமாக மற்றவர்களிடம் மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தினகரன் மட்டும் பேசாமல் இருந்தான். சரிபார்க்க வேண்டும் என்று போனவனே அவன்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எருமை வீட்டுக்குப் போயிருக்கும், அவன் டப்பா ஜெயித்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"டப்பா இருக்கும் அக்கா. அதை வாசிக்க நீங்க இருக்க மாட்டீங்களே" என்றான்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அப்படியும் விடவில்லை நான். பிறவிக் குணம். சொன்ன சொல் என்ன ஆவது என்று அண்ணனைக் கேட்டேன்.

"டெஸ்ட்ல தோத்தா போறேன்னுதானேம்மா சொன்ன. அன்னிக்கு எங்க டெஸ்ட் நடந்துச்சு? பிளக்கே கீழே கிடந்துச்சு" என்றார் அண்ணன். "நடக்காத டெஸ்ட்டுல யாரு தோக்கிறது? ஏறு, அம்மன் புறப்பாட்டுக்கு முன்னால ரெண்டு பாட்டாவது பாடணும்."

ஏறினேன். மாசிலாமணி எருமைமேல் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

கச்சேரி பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. ஜனங்கள் போன வாரம் அடித்த அதே விசிலைத்தான் அடித்தார்கள். என் கைக்கு ஒவ்வொரு படியும் அதனதன் இடத்தில் இருந்தது.

இன்று காலையிலிருந்து ஒரே ஒரு நினைப்புத்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வால்வு எது டப்பா எது என்று அவ்வளவு கர்வமாகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஆறு பேர், நான் போய்விடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அது எனக்குக் கேட்கவே இல்லை.